முறுக்கியல்: ஆரணி வட்டார வாகன ஆர்வலரின் வேட்கை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வு முன்னுரை

ஆரணியைப் பற்றி எழுத வேண்டியதையெல்லாம் முன்னோர் எழுதி முடித்துவிட்டனர். பட்டுக்கு 2008இல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. அரிசியின் பெருமையை மண்டிக்காரர்கள் வாய்மொழி இலக்கியமாகவே வளர்த்து வருகிறார்கள். கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடிய காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விரிவுரை நிகழ்த்துகிறார்கள். மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கேள்வி. புதிதாக ஒரு மசில் கார் வருமானால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஆரணி ஆர்வலர் விரும்புகிறார்? இதை இதுவரை யாரும் கேட்கவில்லை; கேட்கச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை. முன்னதை 'ஆய்வு இடைவெளி' என்று கல்விப்புலத்தார் அழைப்பர். பின்னதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

கருதுகோள்: குதிரைத்திறன் கூடக்கூட ஆர்வலர் மனம் குளிரும். இது தவறு என்பது மூன்றாவது டீயிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் தலைப்பையும் கருதுகோளையும் பதிவு செய்தபின், உண்மைக்காக அவற்றை மாற்றும் வழக்கம் நம்மிடம் இல்லை.

ஆய்வெல்லை: நில எல்லை, நெசவாளர் தெருமுனை டீக்கடை பெஞ்சு ஒன்று. கால எல்லை, காலை ஆறு மணி முதல் மாஸ்டர் பாலைக் கவிழ்த்துக் காட்டும் வரை.

தகவலாளர் நால்வர். தகவலாளர் அ: நாற்பது ஆண்டுகளாகப் பட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பவர், ஓட்டுவது சைக்கிள். தகவலாளர் ஆ: அவருடைய மகன், ஒரகடம் பக்கத்து வாகனத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருபவர். தகவலாளர் இ: மெக்கானிக். தகவலாளர் ஈ: டீ மாஸ்டர், கேட்காமலே தகவல் தந்தவர். பெயரை வெளியிட வேண்டாம் என்று இவர்களில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. போட்டோவோடு போடச் சொன்னார்கள். ஆய்வு நெறி கருதி மறுத்துவிட்டேன்.

ஆய்வில் நேர்ந்த இடர்ப்பாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக் காலம் முழுவதும் ஆரணியில் ஒரு மசில் கார்கூட என் கண்ணில் படவில்லை. "சாமியப் பத்தி எழுதினவங்கல்லாம் பாத்துட்டா எழுதினாங்க?" என்று தகவலாளர் ஈ தேற்றியதன் பேரில் ஆய்வு தொடர்ந்தது.

இயல் ஒன்று: சொல்லாய்வு

'மசில் கார்' என்பதற்குத் தமிழ்ச்சொல் காண்பது முதற்கடமை. 'தசை மகிழுந்து' என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை வண்டி என்று பொருள்படும். 'புஜபலச் சீருந்து' என்றால் கட்சி மாநாட்டில் கொடுக்கும் பட்டம்போல் ஒலிக்கிறது. ஆகவே 'முறுக்கு வண்டி' என்ற சொல்லை இவ்வாய்வு முன்வைக்கிறது. இச்சொல்லுக்கு ஐந்து பொருள்கள் உள.

ஒன்று, பொறியியலார் கூறும் முறுக்குவிசை. இன்ஜின் தண்டைச் சுழற்றித் தள்ளும் வலு அது. இரண்டு, பைக்கின் வலது கைப்பிடியை இளைஞர் செய்வது. "முறுக்குடா" என்பது ஏவல் வினை. மூன்று, அதைச் செய்த பிறகு அவர் முகத்தில் தோன்றுவது. "ரொம்ப முறுக்கிக்கினு போறான்" என்பது தெருவின் வழக்கு. நான்கு, பட்டுநூலுக்கு ஏற்றுவது. ஐந்து, டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருப்பது. ஐந்தாம் பொருளுக்கும் ஆய்வுக்கும் நேரடித் தொடர்பில்லை எனினும் களப்பணியில் அதுவே அதிகம் செலவானது.

நான்காம் பொருள் விளக்கம் வேண்டுவது. கூட்டிலிருந்து பிரித்த பட்டிழை தனியாக நின்றால் மூச்சுக் காற்றுக்கே பறக்கும். பல இழைகளைச் சேர்த்து முறுக்கினால்தான் அது பாவு நூலாகித் தறியின் இழுப்பைத் தாங்கும். முறுக்குக் குறைந்தால் பிசிறும்; மிகுந்தால் சுருண்டு தன்னைத்தானே சிக்கலாக்கிக்கொள்ளும். மனிதருக்கும் இதே விதிதான் என்றார் தகவலாளர் அ, மகனைப் பார்த்தவாறே.

இயல் இரண்டு: குதிரை வரலாறு

ஆரணிக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள உறவு புதிதன்று. 1751 டிசம்பர் 3 அன்று இவ்வூர் அருகே ராபர்ட் கிளைவின் படைக்கும், சந்தா சாகிப்பின் மகன் ரசா சாகிப் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து நடத்தி வந்த படைக்கும் போர் நடந்தது. கிளைவின் பக்கம் சுமார் 600 மராத்தியக் குதிரைகள் நின்றதாக வரலாற்று நூல்கள் கணக்குச் சொல்கின்றன. 2016இல் இந்தியச் சந்தைக்கு வந்த போர்டு மஸ்டாங் காரின் 5 லிட்டர் வி-8 இன்ஜினில் இருந்தவை ஏறத்தாழ 400 குதிரைகள்தாம். ஆக, அமெரிக்கா இன்று பெருமையடித்துக்கொள்ளும் குதிரைத்திறனை ஆரணி இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது. பார்த்து, சாணமும் அள்ளியிருக்கிறது.

அந்தப் போரில் நமக்கு வேண்டிய பாடம் வேறு. இடையில் நீர் பாய்ந்த நெல்வயல். அதைக் கடக்க ஒரே ஒரு கரைப்பாதை. எதிரணி அதில் ஒடுங்கி வரிசை கட்டி வந்து, பீரங்கிக்கு வாகாக மாட்டிக்கொண்டது. உன்னிடம் எத்தனை குதிரை என்பதைவிட முன்னால் என்ன ரோடு என்பதே முக்கியம் என்னும் இவ்வுண்மையை ஆரணி ஒவ்வொரு மழைக்காலத்திலும் மறு உறுதி செய்து வருகிறது.

குதிரையை அளவுகோலாக்கிய புண்ணியம் ஜேம்ஸ் வாட்டைச் சேரும். நீராவி இன்ஜினை விற்க வந்தவர், வாங்குபவருக்குப் புரியும் மொழி குதிரை என்று கண்டார். அவர் வகுத்த ஒரு குதிரைத்திறன் இன்றைய கணக்கில் 746 வாட். மனிதன் நாள் முழுக்கத் தொடர்ந்து உழைத்தால் தரக்கூடியது ஏறத்தாழ 75 வாட். அதாவது பத்து மனிதர் ஒரு குதிரை. இக்கணக்கைக் கேட்ட தகவலாளர் அ, "அப்போ நான் குதிரைல ஒரு காலுகூட இல்லியா?" என்றார். கால் என்பது நாலில் ஒன்று. இவர் பத்தில் ஒன்று. ஆய்வு வருத்தத்துடன் அதை உறுதி செய்தது.

இனி முறுக்கு வண்டியின் பிறப்பு. 1964இல் பான்டியாக் ஜிடிஓ வந்தபோது அதன் சூத்திரம் எளியது: நடுத்தர உடம்பு, பெரிய காரின் 6.4 லிட்டர் இன்ஜின். அதே ஆண்டு ஏப்ரலில் மஸ்டாங் வந்தது. பின்னர் வந்தவை எல்லாம் இச்சூத்திரத்துக்கு எழுதிய உரைகள்.

இருபது ஆண்டு கழித்து, 1984இல், நம் நாடு இச்சூத்திரத்தைத் தலைகீழாக்கியது. மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தந்த கன்டசா அது. பிரிட்டனில் எழுபதுகளிலேயே கடை கட்டிய வாக்ஸ்ஹால் விக்டரின் உடம்பு, நீண்ட மூக்கு, அகன்ற தோள், பின்சக்கர ஓட்டம். பார்த்தவர்கள் 'அமெரிக்கக் காராட்டம் இருக்கு' என்றார்கள். உள்ளே முதலில் வைத்ததோ அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜின். ஏறத்தாழ 50 குதிரை. பயில்வான் உடம்பில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் இதயம். பின்னாளில் இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜின் வந்து மானம் காத்தது. 2002இல் கன்டசா நின்றுபோனது. இன்றைய ஆர்வலர் அதை 'இந்தியாவின் மசில் கார்' என்கிறார்கள். அதை ஓட்டியவர்கள் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. எனக்குத் தெரிந்த பட்டு முதலாளி ஒருவரிடம் ஒன்று இருந்தது. மேடேறும்போது அவர் ஏசியை அணைப்பார். பின்சீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள். பேச்சும் சுமைதான் என்னும் இயற்பியல் கொள்கை அந்த வண்டிக்குள்தான் எனக்கு விளங்கியது.

1985இல் சூத்திரம் மீண்டும் நேரானது. இம்முறை இரண்டு சக்கரத்தில். எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து தந்த ஆர்எக்ஸ் 100: 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், 11 குதிரை, ஏறத்தாழ 100 கிலோ. கணக்கிட்டுப் பார்த்தால் கன்டசாவில் டன்னுக்கு 42 குதிரை. ஆர்எக்ஸில் டன்னுக்கு 110 குதிரை. ஓட்டுபவரின் எடையைச் சேர்க்க வேண்டாமா என்று தகவலாளர் ஈ கேட்டார். சேர்த்தால் வாதம் கெடும் என்பதால் சேர்க்கவில்லை.

இங்கே ஒரு தற்செயல். ஆர்எக்ஸ் வந்த அதே 1985இல்தான் கைத்தறிக்கெனச் சில துணி வகைகளை ஒதுக்கும் சட்டமும் வந்தது. முதலில் 22 வகைகளை ஒதுக்கினார்கள். 1996இல் அது 11 ஆகச் சுருங்கியது. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி நின்றதும் 1996. இவ்விரண்டுக்கும் தொடர்பே இல்லை. தொடர்பே இல்லாத இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த இயலுக்குப் போவது ஆய்வு மரபு.

இயல் மூன்று: வேட்கைக் கூறுகள்

புதிய முறுக்கு வண்டியில் என்ன வேண்டும்? தகவலாளர்கள் சொன்னவற்றை நான்கு கூறுகளாகப் பகுக்கலாம்.

முதற்கூறு, ஒலி. "எல்லாம் ஓகே, சத்தம் எப்டி?" என்பதே எந்த வண்டியைப் பற்றியும் ஆர்வலர் கேட்கும் முதற்கேள்வி. தெருமுனை திரும்பும் முன்பே இது ஆர்எக்ஸ் 100, இது ஆர்எக்ஸ் 135, இது சைலன்சர் மாற்றிய போலி என்று தகவலாளர் இ கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மூன்றில் இரண்டு சரி. மூன்றாவது தண்ணீர் லாரி. இதை அவருடைய தனித்திறமை என்று எழுதியிருந்தேன். தகவலாளர் அ அடிக்கச் சொன்னார். தறிச் சத்தம் கேட்டே உள்ளே என்ன நடக்கிறது என்று அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியும்: நாடா தட்டிப் போகிறதா, இழை அறுந்து நிற்கிறதா, நெய்பவர் வீட்டில் சண்டையா என்பதுவரை. பட்டு ஊர்க்காரனுக்குக் காது வேறு தரம் என்பது அவர் துணிபு.

சத்தத்துக்குச் சட்ட எல்லை உண்டு. 80 முதல் 175 சிசி வரையுள்ள புதிய இருசக்கர வண்டிக்கு 77 டெசிபல். ஆர்வலரின் வேட்கை சரியாக 78இல் தொடங்குகிறது.

இவ்விடத்தில் அமெரிக்க நிலவரத்தை ஒப்பு நோக்குவது பயன் தரும். டாட்ஜ் நிறுவனம் சார்ஜர், சேலஞ்சர் கார்களின் வி-8 வரிசையை 2023இல் முடித்துக்கொண்டது. அடுத்து வந்த சார்ஜர் டேடோனா மின்சாரக் கார். குதிரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இன்ஜின் இல்லை, ஆகவே சத்தமும் இல்லை. ஆர்வலர் அழுவார்கள் என்று பயந்து, ஒலிபெருக்கி வைத்த போலிப் புகைக்குழாய் ஒன்றைப் பின்னால் மாட்டி, பழைய உறுமலைச் செய்து காட்டினார்கள். ஆர்வலர் அப்போதும் அழுதார்கள். பெட்ரோல் சார்ஜரையும் உடன் கொண்டுவர வேண்டியதாயிற்று; அதிலும் ஆறு சிலிண்டர்தான் என்று மறுபடி அழுகை. இதைத் தகவலாளர் அவுக்கு விளக்கினேன். டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "பவர்லூம் பக்கத்துல டேப்ரெகார்டர் வெச்சி கைத்தறி சத்தம் போட்ட கதை." இதுவரை வந்த வாகன விமர்சனங்களில் இதைவிடச் சுருக்கமானதை ஆய்வு அறியாது.

இரண்டாம் கூறு, அதிர்வு. என்பீல்டு புல்லட் 1955இல் மதராஸில் கால் வைத்து, திருவொற்றியூரில் வேர்விட்டது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டை ஸ்டார்ட் செய்வது ஒரு சடங்கு. ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதித்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து விட்டு, பிறகு உடம்பின் எடை முழுவதையும் இறக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். வேறு வண்டி பழகியவன் ஏறினால் நிறுத்த நினைத்துக் கியர் மாற்றுவான். நிறுவனம் இந்தக் குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்தது. பட்டன் ஸ்டார்ட் வந்தது. கியர் இடப்பக்கம் வந்தது. 2021இல் வந்த கிளாசிக் 350இல் நடுக்கமும் பெருமளவு அடங்கியது. உடனே புகார் வந்தது: வண்டி நடுங்க மாட்டேன் என்கிறது! "இப்பல்லாம் யார் வேணா ஸ்டார்ட் பண்ணலாம்ணா" என்று தகவலாளர் இ வருந்தினார். நல்லதுதானே என்றேன். அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் என்னை ஆய்வாளராக மதிக்கவில்லை.

ஆனால் அவர் வருத்தத்துக்குப் பொருள் உண்டு. பட்டுப்புடவை வாங்க வருபவரும் இதைத்தான் செய்கிறார். முன்பக்கம் பார்த்தவுடன் புடவையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார். கை பட்ட தடயம் ஏதாவது தெரிகிறதா என்று தேடுகிறார். குறையே இல்லாத நெசவைக் கண்டால், "மிஷின்ல போட்டதா?" என்று சந்தேகப்படுகிறார். கை நெய்தது என்று உறுதி சொல்ல 2006இல் கைத்தறி முத்திரையே வந்தது. ஆர்வலர் கேட்கும் நடுக்கமும் ஒரு முத்திரைதான். உள்ளே ஏதோ ஒன்று நிஜமாகவே பாடுபடுகிறது என்பதற்கு உட்காருமிடத்தில் குத்தப்படும் முத்திரை.

மூன்றாம் கூறு, பெயர். புதுவண்டிக்குப் பழைய பெயர் வேண்டும். மைசூரில் முடிந்துபோன ஜாவா பைக் 2018இலும் யெஸ்டி 2022இலும் மறுபிறவி எடுத்தன. அம்பாசடர் என்ற பெயர் மட்டும் 2017இல் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சுப் பூஜோ குழுமத்துக்குக் கைமாறியது. கன்டசாவின் பெயரும் 2022இல் விலைபோனது. வண்டி இல்லாமல் வண்டிப் பெயர் விற்கும் இவ்வணிகத்தை ஆரணி முதலில் நம்பவில்லை. பிறகு, ஆரணியில் நெய்ததை வேறு ஊர்ப் பெயரில் விற்பதும் உண்டே என்று யாரோ சொல்ல, பெஞ்சு அமைதியானது.

கன்டசா திரும்பி வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று ஆர்வலரைக் கேட்டேன். அதே மூக்கு, அதே தோள், அதே பெயர், இன்ஜின் மட்டும் வேறு என்றனர். ஆர்எக்ஸ் திரும்பினால்? அதே டேங்க், அதே எடை, அதே சத்தம். அதே புகை என்பதைச் சற்றுத் தயங்கிச் சேர்த்தனர். புகைதான் அதைக் கொன்றது. பெட்ரோலோடு எண்ணெயையும் எரித்து, எரியாததையும் வெளியே விடும் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் தாக்குப்பிடிக்கவில்லை. எதனால் செத்ததோ அதுவும் சேர்ந்தே பிழைத்து வர வேண்டும் என்பது ஆர்வலரின் வேண்டுகோள்.

இயல் இரண்டில் கண்ட 1985ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறியை வரையறுக்கும் விதம் அழகானது: மின்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி. இதே முறையில் ஆர்வலர் மனத்திலுள்ள முறுக்கு வண்டியையும் வரையறுக்கலாம்: இப்போது விற்பனையில் இல்லாத எந்த வண்டியும் முறுக்கு வண்டி.

நான்காம் கூறு, மைலேஜ். இது கூறு அன்று, சாபம். ஒலி, அதிர்வு, பெயர் எல்லாவற்றையும் அரைமணி நேரம் பேசிவிட்டு, எழுந்து போகும்போது வேட்டி மடிப்பைச் சரிசெய்தபடி ஒவ்வொருவரும் கேட்டது, "மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?" 1983இல் வந்த ராஜ்தூத் 350ஐ இக்கேள்விதான் சாய்த்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், 30 குதிரையைத் தொட்டது. பெட்ரோலையும் அதே வேகத்தில் குடித்தது. வாங்க ஆளில்லாமல் சில ஆண்டுகளில் நின்றது. இன்று ஒன்று கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அன்று வாங்காதவர்தாம் இன்று ஏங்குகிறார். மஸ்டாங் இந்தியாவுக்கு வந்தபோது விலை 65 லட்சம் என்றேன். அந்தப் பணத்துக்கு எத்தனை தறி போடலாம் என்று தகவலாளர் அ விரல் விடத் தொடங்கியதால் அன்றைய நேர்காணல் அத்துடன் முடிந்தது.

இயல் நான்கு: தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழும். ஆரணியில் உண்மையில் சுமை இழுப்பது புல்லட்டா, ஆர்எக்ஸா? இரண்டும் இல்லை. டிவிஎஸ் எக்ஸ்எல். ஓசூரிலிருந்து 1980இல் வந்த டிவிஎஸ் 50இன் வழிவந்தது. இன்றைய 100 சிசி வண்டிக்கும் நாலு குதிரைக்குச் சற்றே மேல். காலடிப் பலகையில் அரிசி மூட்டை, பின்னால் இன்னொரு மூட்டை, அதன்மேல் மச்சான், மச்சான் மடியில் பட்டுநூல் பை. ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. இவ்வளவு தசை உள்ள இதற்கு ஏன் ஆர்வலர் மன்றம் இல்லை?

விடை: சுமக்கிற வண்டியின் சுமைதான் கண்ணில் படுகிறது, வண்டி படுவதில்லை. முறுக்கு வண்டியோ எதையும் சுமக்காமல் தன் வலுவை மட்டுமே ஊர்வலம் விடுவது. ஆகவே எக்ஸ்எல்லைப் பார்த்து ஒருவரும் பெருமூச்சு விடுவதில்லை. அது கெட்டால் மட்டும் வீடே பெருமூச்சு விடுகிறது.

இத்தடையை நீட்டினால் இன்னொன்று வந்து நிற்கும். ஊரிலேயே முழுக்க முழுக்கத் தசையால் ஓடும் எந்திரம் எது? குழித்தறி. குழிக்குள் இரண்டு கால்களும் மிதிகட்டையை மாறி மாறி அழுத்த, ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, மறுகை பலகையைத் தள்ளி அடிக்க, பத்தில் ஒரு குதிரை வலுவில் நாள் முழுக்க ஓடுகிறது. "நாப்பது வருசமா மெரிக்கறேன், ஒரு அங்குலம் நவரல" என்று தகவலாளர் அ தம் வாகனத்தைப் பற்றிச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. ஒரகடத்தில் ராயல் என்பீல்டு ஆலை 2013இல் வந்தது. பக்கத்து வல்லம் வடகாலில் அதற்கும் யமஹாவுக்கும் ஆலைகள் உண்டு. எதற்குப் போகிறார் என்று மகன் சொல்லவில்லை. ஆனால் தகப்பனின் ஓட்டம் நகரவில்லை என்று கண்ட தலைமுறை, நகர்வதைச் செய்யும் இடத்துக்கு விடியுமுன் பஸ் ஏறுகிறது என்பதை ஆய்வு குறித்துக்கொண்டது.

இயல் ஐந்து: களத்தில் கண்டது

களப்பணியின் கடைசி நாள் காலை. தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெருவின் நடுவே குச்சிகளுக்கு இடையில், அரக்குச் சிவப்பில் ஆயிரக்கணக்கான இழைகள் விறைப்பாக ஒன்றாய் நின்றன. வெயில் ஏறுமுன் சிக்கெடுத்துச் சரிசெய்து சுருட்டிவிட வேண்டும். அப்போதுதான் முனையில் அந்தச் சத்தம் கேட்டது. தகவலாளர் இ நிமிர்ந்தார். ஆர்எக்ஸ் 100, இம்முறை தண்ணீர் லாரி அன்று. கறுப்பு டேங்க், பளபளக்கும் சைலன்சர், பின்னால் நீலப்புகை. ஓட்டி வந்தவர் வண்டியைவிட வயதில் சிறியவர்.

அவர் பாவைப் பார்த்தார். ஆரன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பத்தடி முன்னாலேயே இன்ஜினை அணைத்தார். புகை பட்டால் பட்டு நாறும், அதிர்ந்தால் இழை அறும் என்பது இந்தத் தெருவில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இறங்கி, சுவர் ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். டன்னுக்கு 110 குதிரை, மூச்சுக் காற்றுக்குப் பறக்கும் நூலுக்கு வழிவிட்டு நடந்து போயிற்று. கோடி வரை போய், திரும்பிப் பார்த்து, பிறகே மறுபடி கிக்கரை மிதித்தார்.

அன்று மாலை தகவலாளர் அ வீட்டில் தறியில் பழைய பாவு முடிந்திருந்தது. புதுப்பாவு ஏற்ற வேண்டும். பழைய பாவை அடியோடு கழற்றிப் போடுவதில்லை என்பதை நான் அன்றுதான் கவனித்தேன். அதன் வால் அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே இருக்கும். புதுப்பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் ஒவ்வோர் இழை நுனியோடு பிணைத்து, மெல்ல இழுத்துக்கொண்டால் புதியது பழையதின் வழியிலேயே தறிக்குள் வந்து சேரும். பிணைக்காமல் போட்டால் அத்தனை இழையையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும்.

ஆய்வின் முடிவு எனக்கு அங்கேதான் கிடைத்தது. ஆர்வலரைப் பழமைவாதி என்று இதுவரை குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அது பிழை. அவர் கேட்பது பழைய வண்டியை அன்று. புதுவண்டியின் நுனி பழைய வண்டியின் வாலோடு பிணைந்திருக்க வேண்டும் என்பதை. ஒலி ஓர் இழை, நடுக்கம் ஓர் இழை, பெயர் ஓர் இழை. டாட்ஜ் ஒலிபெருக்கியால் செய்ததும் பிணைக்கும் முயற்சிதான். பசை போட்டு ஒட்டினார்கள், இழுத்தவுடன் விட்டுப்போயிற்று.

பரிந்துரைகள்

வாகன நிறுவனங்களுக்கு: குதிரையைக் கூட்டுங்கள், குறையுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆனால் பழையதில் எது உயிர் இழை என்று கண்டறிய ஒரு மாலை நேரம் தறி வீட்டில் உட்காருங்கள். பெயரை மட்டும் வாங்கி வைத்திருப்போருக்கு: முந்தானையை மட்டும் கட்டிக்கொண்டு தெருவுக்கு வர முடியாது. ஆர்வலருக்கு: மைலேஜை முதலிலேயே கேட்டுவிடுங்கள், எல்லாருடைய நேரமும் மிச்சம்.

பின்னிணைப்பு

ஆய்வேடு பைண்டிங்குக்குப் போனபின் நினைவுக்கு வந்த செய்தி ஒன்று. அன்று மாலை பிணைக்கும் வேலையில் தகவலாளர் அவின் மனைவி உட்கார்ந்திருந்தார். விரலில் சாம்பல் தொட்டு, பழைய நுனியையும் புதிய நுனியையும் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொடுக்கு, அடுத்தது, அடுத்தது. கம்பெனியிலிருந்து திரும்பிய மகன் பையை ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பாட்டுக்கு முன் எதிரே வந்து உட்கார்ந்தார். மூன்று வாரம் என்னிடம் வலது கைப்பிடியின் முறுக்கு எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கியவர். அவர் விரல்கள் கேட்காமலே சாம்பலைத் தொட்டன.

"இதுக்கு இன்னாமா பேரு?" என்று கேட்டேன்.

"முறுக்கறதுதான்" என்றார் அந்த அம்மா, தலை நிமிராமல்.

இயல் ஒன்றில் ஐந்து பொருள் என்று எழுதியதை ஆறு என்று திருத்திப் படிக்கவும்.